லைப்ரரி வரைக்கும்

மாவு மில்லைத் தாண்டியதும் சென்னியப்பன் நின்றுவிட்டார். பின்னால் வந்த மயிலாத்தாள் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தக்கூடாது என்று தீர்மானம் பண்ணி நின்றாளா என்றால் அதுவும் இல்லை. கட்டைவிரல் என்னமோ பொத்தானின் மேல்தான் இருந்தது. விரல் அழுத்தினால் அழுத்தட்டும் என்று அவளும், அவள் சொன்னால் அழுத்தலாம் என்று விரலும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. முன்னால் அவள் புருசன், கூன் போட்ட முதுகும் தொங்கின தலையுமாக. மேலுடம்பு போகத் துடிக்கிறது, பாதம் இரண்டும் தார் ரோட்டில் பசை வைத்து ஒட்டின மாதிரி அசையாமல் கிடக்கின்றன. ஐயா வேணும்னு நிக்கறதில்லைம்மா, இந்தப் பார்க்கின்சன் நோயோட குணமே அது, நடன்னு மூளை சொல்றது காலுக்குப் போய்ச் சேராம நடுவழியிலயே நின்னுடுது, அந்த நேரத்துல நரம்பை நாம வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டி எழுப்பணும், அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் அந்த பிசியோதெரபிப் பெண் ஜெனிதா சொல்லியிருந்தாள். அவ்வளவுதான். மடித்துக் கட்டின வேட்டிக்குக் கீழே வலது முழங்காலை ஒட்டி ஒரு பட்டை, பட்டைக்குள் தோலோடு ஒட்டின இரண்டு வில்லைகள், மயிலாத்தாளின் கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, அதன் நடுவில் பொத்தான். அழுத்தினால் நரம்பில் கரண்டு பாயும், பாதம் மேலே எழும்பும், எழும்பின பாதம் எங்கேயாவது விழுந்துதானே ஆகவேண்டும், முன்னால் விழும். ஒரு அடி விழுந்துவிட்டால் மற்ற அடிகள் ஆட்டு மந்தை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிடும். அவர் கை நடுங்குகிற நடுக்கத்தில் பொத்தானை அவரிடம் கொடுக்க முடியாது என்று ஜெனிதாதான் இவள் கையில் வைத்து மூடினாள். இனிமே ஐயாவோட கால் உங்க கையிலதாம்மா என்று சிரித்தாள். சிரிக்கிற வயசு, சிரிக்கட்டும். மில் ஓடுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது, மிளகாய் அரைக்கிறார்கள் போல, நெடி மூக்கில் ஏறியது. இத்தனை நாளும் இங்கே வந்து திரும்பிவிடுவார்கள். மில் திண்டில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, வாங்க போலாமுங்க என்றால் திரும்பிவிடுவார். இன்றைக்கு அவர் திண்டைப் பார்க்கக்கூட இல்லை.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். பல் விளக்கி காப்பி குடித்ததும், இன்னிக்கு லைப்ரரி வரைக்கும் போயிரலாம் புள்ளே என்றார், அந்தக் காற்றுப் போன குரலில், பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கிற குரலில். லைப்ரரி. இந்த வார்த்தை அந்த வீட்டில் எத்தனை வருசமாகப் புழங்குகிறது என்பது சுவருக்குத்தான் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், ஷிப்டு முடிந்து வந்து பஞ்சுத் தூசி போகக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பவுடர் போட்டு, லைப்ரரிக்குப் போயிட்டு வந்தர்றேன் என்று படியிறங்கினால் ஊர் அடங்கித்தான் திரும்புவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு புஸ்தகம் கையில் கொண்டுவந்தது கிடையாது. லைப்ரரி இருக்கிற தெருவில், லைப்ரரியைத் தாண்டி இரண்டு வீடு தள்ளி, தையல் கிளாஸ் நடத்துகிற லோகநாயகியின் வீடு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரும் மறைக்க ரொம்பச் சிரமப்பட்டதாகச் சொல்லமுடியாது. கேட்டால் இல்லை என்பார், கேட்காவிட்டால் போவார், அதனால் அவள் கேட்காமல் இருந்தாள். மனசுக்குள் மட்டும் லோகநாயகிக்கு லைப்ரரி என்று பேர் வைத்திருந்தாள். இன்றைக்கு லைப்ரரிக்குக் காய்ச்சலாக இருக்கும், சீக்கிரம் வந்துவிட்டார். இன்றைக்கு லைப்ரரிக்குச் சேலை எடுத்திருப்பார், முகத்தில் ஒரு தெளிச்சல். அப்படியே காலம் போனது. பிறகு கை நடுங்கியது, முகம் மரத்தது, கோயமுத்தூர் டாக்டர் நோயின் பேரைச் சொன்னார், இனிமேல் நடை குறைந்துகொண்டே வரும் என்றார், பையன் கண்ணைத் துடைத்தான், மயிலாத்தாளும் அழுதாள். ஆனால் அழுகிறவளுக்குள்ளே ஓரத்தில் எங்கேயோ ஒரு சின்னச் சந்தோசம் கண் விழித்துப் பார்த்தது. இனிப் போகமாட்டார். சீ என்று அதை விரட்டினாள், அது போகவில்லை, பூனை மாதிரி கால்மாட்டிலேயே சுருண்டு கிடந்தது. வருசக்கணக்காக அவர் அவளுடைய வீட்டில், அவளுடைய கட்டிலில், அவள் ஊட்டி அவள் துடைத்து, முழுக்க முழுக்க அவளுடைய ஆளாக இருந்தார். ஆண்டவன் போட்ட முடிச்சு. இதை அவிழ்க்கிறதற்கு நான்கைந்து மாசத்துக்கு முன்னால் பையன் இந்தக் கரண்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். ஜெனிதா முதல் நாளே கேட்டாள், ஐயா, நடக்க ஆரம்பிச்சா எங்க போகணும்னு ஆசைப்படறீங்க, ஒரு எடத்தை மனசுல வெச்சுக்கிட்டு நடந்தா சீக்கிரம் பலன் தெரியும். அவர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். லைப்ரரி என்றார். அந்தப் பெண் கையைத் தட்டினாள். பாருங்கம்மா, இந்த வயசுலயும் படிக்கணும்னு ஆசை! மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். வேறு என்ன பண்ணுவது, அங்கே ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு?

"அழுத்து புள்ளே" என்றார் சென்னியப்பன், தரையைப் பார்த்தபடியே. அவள் திடுக்கிட்டு அழுத்தினாள். வலது பாதம் எழும்பியது, முன்னால் விழுந்தது, இடது கால் தொடர்ந்தது, ஆள் கிளம்பிவிட்டார். அந்த எழும்புதலைப் பார்க்க அவளுக்கு இன்னும் பழகவில்லை. முதன்முதலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரை உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டுக் காட்டினபோது அவர் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலை எழுப்பவேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை, கீழே பாதம் மட்டும் கொக்கு மூக்கை நீட்டுகிற மாதிரி மெதுவாக நிமிர்ந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உங்களுக்கும் வெச்சுக் காட்டறேன்மா, பயப்படாதீங்க என்று ஜெனிதா இவள் காலிலும் ஒட்டினாள். எறும்பு ஊர்ந்தது, பிறகு கடித்தது, பிறகு இவளுடைய பாதம் இவளைக் கேட்காமலே எழுந்தது. இறக்கு இறக்கு என்று கத்திவிட்டாள். வலி ஒன்றும் இல்லை. மனசு இல்லாமல் உடம்பு எழும்புகிறதே, அதுதான் அவளைக் கலக்கியது. ராத்திரி படுத்தபிறகும் அதுவே ஓடியது. மனசு இல்லாமல் எழுந்த உடம்புதானே நானும், மனசு இல்லாமல் சோறாக்கி, மனசு இல்லாமல் பாய் விரித்து. என்னை யார் அழுத்தினார்கள்? இந்த மாதிரி நினைப்பு வந்தால் அவள் உடனே எதையாவது கழுவப் போய்விடுவாள். இப்போது ரோட்டில் கழுவ ஒன்றும் இல்லை. அவர் போய்க்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் பார்த்துப் பாராட்டுகிறார்கள், அட, கவுண்டர் நடக்கறாரே, ஆத்தா கைராசி என்கிறார்கள். ஜெனிதா போனில் கூவுகிறாள், டாக்டர் பெரிய டாக்டர்களைக் கூட்டிவைத்து இவர் நடக்கிற வீடியோவைக் காட்டினாராம், இதே பட்டையைக் கட்டின மற்றவர்களுக்கு இவ்வளவு பலன் இல்லையாம், ஏன் என்று தெரியவில்லையாம். மயிலாத்தாளுக்குத் தெரியும். கரண்டு காலைத் தூக்குகிறது, சரி. தூக்கின காலைக் கீழே வைக்க அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை என்பார்கள், இவருக்கு நாடெல்லாம் வேண்டாம், ஒரு வீடு போதும். அந்த வீட்டுக்கு இவரை அடி அடியாக ஓட்டிக்கொண்டு போகிற வேலை, வாங்கி வந்த வரத்தைப் பாருங்கள், கட்டினவளுக்கு வந்து வாய்த்திருக்கிறது. மத்தியானமே அந்த வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னார். பித்தானைப் போட்டுவிட்டது அவள்தான். பவுடர் என்று கையைக் காட்டினார். அதையும் போட்டாள், கழுத்துக்குப் பின்னால்கூட.

ஆனால் இந்த எரிச்சல் எல்லாம் மேலே மிதக்கிற எண்ணெய்தான். அடியில் கிடப்பது பயம். லோகநாயகி செத்துப்போய் மூன்று வருசமாகிறது. அது அவருக்குத் தெரியாது. மயிலாத்தாளுக்குத் தெரியும். பூக்காரிதான் வாசலில் குரலை இறக்கிச் சொன்னாள், அக்கா, அந்தத் தையக்காரம்மா விடியால தவறிருச்சு. உள் அறையில் அவர் இருமிக்கொண்டிருந்தார். ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தர்றனுங்க என்று இவள் கிளம்பினாள். ஏன் போனாள் என்று இன்றுவரைக்கும் அவளுக்கே பிடிபடவில்லை; செத்தவள் மேல் பாசமா, இல்லை, நிஜமாகவே செத்துவிட்டாளா என்று பார்த்துக்கொள்ளவா? லைப்ரரி மதிலோடு ஒட்டி நின்றாள். வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். எவ்வளவு சின்ன உருவம்! இத்தனை வருசம் மனசுக்குள் மலை மாதிரி நின்றவள் ஒரு பள்ளிக்கூடப் பெண் அளவுக்குத்தான் இருந்தாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். அந்த வாரம்தான் அவர் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தது, அதிர்ச்சி ஆகாது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. நேற்றுச் சொல்லாததை இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று மறுநாள் சொல்லவில்லை. அப்புறம் சொல்லாததே குடித்தனத்தில் ஒரு சாமான் மாதிரி ஆகிவிட்டது, தட்டுப்படாமல் சுற்றிப்போகப் பழகிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களும் சொல்லவில்லை. அவள் உயிரோடு இருந்தபோதே அந்தப் பேரை இந்த வீட்டில் எடுக்க யாருக்கும் நாக்கு எழாது, செத்தபிறகு மட்டும் எழுமா? நல்ல ஜனங்கள், மரியாதை தெரிந்தவர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஊரே சேர்ந்து மறைத்தால் பூசணிக்காய்கூட மறையும் போல. அவர் வாரத்துக்கு ஒரு தரம் போனைப் பார்ப்பார். முன்னெல்லாம் அது அடிக்கும், எடுத்தால் பேச்சிருக்காது, மூச்சு மட்டும் இருக்கும். அது நின்றுபோனதற்கு அவர் மனசுக்குள் என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாரோ. கோபமாக இருக்கிறாள், நான்தான் போகவில்லையே, நடக்க முடிந்தால் போய்ச் சமாதானம் பண்ணலாம் என்றிருக்கும். அதற்காகத்தான் இந்தக் கால் எழும்புகிறது. மயிலாத்தாளுக்கு அந்தக் கட்டின பெருவிரல்கள் ஞாபகம் வந்தன. அங்கேயிருந்து ஒருத்தி இழுக்கிறாள், இங்கேயிருந்து நான் தள்ளுகிறேன், நடுவில் இவர். பூட்டின கதவுக்கு முன்னால் போய் நின்றதும் என்ன ஆகும்? மனுசன் அங்கேயே சாய்ந்துவிட்டால்? சாயாமல் திரும்பி அவளைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டால்? எது மோசம் என்று அவளால் சொல்லமுடியவில்லை, இரண்டாவதுதான் மோசம் என்று தோன்றியதும் தன்னைப் பார்த்தே பயந்துபோனாள். சாக்கடைப் பாலம் வந்தது. குறுகலான இடம் என்றாலே அவர் ஒட்டிக்கொள்வார், ஒட்டிக்கொண்டார். இதுதான் கடைசி இடம், பாலம் தாண்டினால் லைப்ரரித் தெரு.

"சார்ஜு தீந்துபோச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். "அழுத்தினாப் போகமாட்டேங்குது. மெல்லத் திரும்பிக்கலாமுங்க. நாளைக்கு வரலாம்." அவர் தலை எப்போதும் போலத் தொங்கியிருந்தது. அந்தத் தலை வேறு எங்கே பார்க்கும், காலைத்தான் பார்க்கும் என்பதை அவள் மறந்துபோனாள். "பச்ச லைட்டு எரியுதே" என்றார். பட்டையின் ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. "ஏம் புள்ளே, என்னைக் கொண்டுபோயி உடறதுக்கு உனக்குச் சங்கட்டமா?" அத்தனை வருசத்தில் அவர் இதைக் கேட்டதே கிடையாது. அந்த மரத்த முகத்தில் கேலியா, கெஞ்சலா, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம். இங்கேயே, பாலத்தின் மேல், கைப்பிடிச் சுவரைப் பிடிக்கவைத்து, இல்லீங்க, அந்தம்மா போயிருச்சுங்க என்று ஒரு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. பின்னால் மொபெட்டுக்காரன் ஒருவன் ஆரன் அடித்தான், ஒதுங்குங்க ஆத்தா என்றான், அவள் பதறி அழுத்திவிட்டாள். பாதம் எழுந்தது. அவர் பாலத்தைத் தாண்டிவிட்டார். தாண்டினபிறகு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. லைப்ரரியைத் தாண்டினார், உள்ளே யாரோ பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது, ஒரு வீடு, இன்னொரு வீடு, முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததுபோல்கூட இருந்தது. அவள்தான் பின்தங்கிப்போனாள். கால் ஓடுகிறது, மனசு கிடந்து, நில்லுங்க நில்லுங்க என்கிறது. பொத்தானில் வேர்வை.

வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தையல் கிளாஸ் போர்டு இல்லை. கேட்டில் பூட்டு. உள்ளே யாரோ ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. சென்னியப்பன் கேட்டின் கம்பியை நடுங்குகிற கையால் பிடித்தார், கம்பி கடகடவென்று ஆடியது. எதிர்வீட்டில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பொம்பளை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஆருங்க வேணும்? வாடகைக்கு இருக்கறவிய வேலைக்குப் போயிட்டாங்களே." அவர் என்னமோ சொன்னார். வந்தவளுக்குக் கேட்கவில்லை. "லோகா" என்றார் மறுபடியும். "தையக்கார அக்காளுங்களா?" என்று அந்தப் பொம்பளை மயிலாத்தாளைப் பார்த்தாள், பார்த்ததும் முகம் மலர்ந்தது, பாவம், உதவி பண்ணுகிற முகம். "ஏனுங்கம்மா, உங்களுக்குத்தான் தெரியுமே. எழவன்னிக்கு அந்த மதிலுக்கிட்ட நின்னுட்டிருந்தீங்களே, உள்ள வாங்கன்னு நாங்கூடக் கூப்பட்டேன், காதுல வாங்காமப் போயிட்டீங்க. மூணு வருசம் ஓடிப்போச்சுங்க. அக்கா கடைசீல ரொம்பக் கஷ்டப்பட்டுப் போச்சு. ஆராச்சும் வருவாங்க, கேட்டைப் பூட்டாதீங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சு." சொல்லிவிட்டு அவள் குடத்தோடு போய்விட்டாள். தண்ணீர் தெளிக்கிற சத்தம் மறுபடி கேட்டது.

அவர் திரும்பவில்லை. திரும்ப அவரால் சட்டென்று முடியாது, அதுவும் இந்த நோயின் குணம், உடம்பு முழுசாக ஒரு சுற்று வட்டம் போட்டால்தான் முகம் இந்தப் பக்கம் வரும். கேட்டைப் பார்த்தபடியே கேட்டார், குரல் என்றைக்கும் இல்லாமல் தெளிவாகக் கேட்டது. "ஒரு நாள் பொழுதோட நீ தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு ஈரத்தோட வந்து எனக்கு மாத்திரை குடுத்தயே. நாங்கூட ஏன்னு கேட்டேன். வெய்யச் சூடுன்னயே. அது இதுக்கா?" மயிலாத்தாளுக்குத் தலையில் இடி விழுந்தது. எல்லாவற்றையும் மறைத்தவள், போனதை, பார்த்ததை, பூக்காரி சொன்னதை, ஊர் வாயைக்கூட மறைத்தவள், எழவு வீட்டுக்குப் போய்வந்து குளிக்காமல் வீட்டுக்குள் நுழையமட்டும் அவளால் முடியவில்லை. அந்த ஈரம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. "ஆமாங்க" என்றாள். "எனக்கொரு சொம்பு ஊத்தியிருக்கலாமல்ல புள்ளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அழுதிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பாள். கன்னத்தில் நீர் இறங்கியது, முகம் அசையவில்லை, வேறு யாருடைய கண்ணீரோ அந்த முகத்தில் வழிகிற மாதிரி.

தெரு விளக்கு போட்டார்கள். லைப்ரரியில் சன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. "போலாம் வாங்க" என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போலாமுங்க." தோளைத் தொட்டு இந்தப் பக்கம் திருப்பினாள், திருப்பின பக்கம் திரும்பினார், மரப்பொம்மை மாதிரி. அவள் பொத்தானை அழுத்தினாள். பாதம் எழுந்தது, நன்றாக, ஜெனிதா பார்த்தால் கைதட்டுகிற மாதிரி எழுந்தது. எழுந்த இடத்திலேயே இறங்கியது. மறுபடி அழுத்தினாள். எழுந்தது, இறங்கியது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏனுங்க, ஒரு அடி வெய்ங்க, எனக்காக ஒரே ஒரு அடி என்று கெஞ்சினாள், என்னைக்கு எனக்காக ஒரு அடி வெச்சீங்க, இன்னிக்காச்சும் வெய்ங்க என்று அழுதாள், எதிர்வீட்டுப் பொம்பளை மறுபடி எட்டிப் பார்த்தாள். மயிலாத்தாள் அழுத்தினாள். பாதம் எழுந்து அதே இடத்தில் இறங்கியது. அவள் இன்னொரு தரம் அழுத்தினாள்.